பத்தடி பேனரில் ஒரு ‘மு.’வுக்கு இடமில்லையாம்

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை ஏற்பாட்டாளர் ஒருவர், "ஒரே பேருதானே அக்கா, இதைப் போய் பெரிசாக்கிட்டு" என்று சிரிப்புப் பொம்மையோடு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். அந்தப் பொம்மைக்குத்தான் இந்தப் பதிவு.

பேனர் படத்தை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். கதை எழுதுகிற நான் மு. விஜயலெட்சுமி; பேனரில் ‘மு.’ இல்லாமல் வெறும் விஜயலெட்சுமி. என் முகம், பக்கத்தில் பினாங்கு விஜயலெட்சுமியின் சமையல் புத்தகம். சிறுகதையைப் பற்றி இருபது நிமிடம் பேசி முடித்ததும் ஓர் அம்மா எழுந்து, மீன்தலைக் கறிக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் ஏதோ ஓர் அளவைச் சொல்லிவைத்தேன்.

ஒரு ஃபோன் அடித்துக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு ஃபோன்.

ஒரே பெயரில் நாலு பேர் எழுதுவது நம் மொழிக்குப் புதுசா என்ன? ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்று ஊரையும் அப்பாவையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். ‘மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்’ என்றால் மனிதர் துணி விற்றவர் என்பதுவரை தெரிகிறது. ஓலையில் அதற்கெல்லாம் இடம் இருந்தது. (அப்படியும் அதியமானோடு கள் குடித்த ஔவையையும் ஆத்திசூடி ஔவையையும் ஒரே பாட்டியாக்கிவிட்டோம், அது வேறு கதை.)

"புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, சுஜாதா வைக்கவில்லையா?" என்பீர்கள். வைத்தார். ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் இந்த ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பெயர் சுப்பிரமணியம். இந்த நாட்டில் எத்தனை சுப்பிரமணியம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

விளம்பர ஆசையா? ஆமாம், ஆசைதான். போங்கள்.

தேசிய நூலகத்தில் என் புத்தகத்தின் 5 பிரதி ஒப்படைக்கப் போனபோது, தமிழில் ஓர் எழுத்து தெரியாத மலாய்க்காரப் பெண் என் அடையாள அட்டையை வாங்கி ‘ஏ/பி முனுசாமி’ (முனுசாமியின் மகள்) வரைக்கும் பார்த்து எழுதிக்கொண்டார். தமிழ் வளர்க்கிறவர்களுக்கு அது முடியவில்லை.

அந்த ‘மு.’ ஏதோ அலங்காரத்துக்குப் போட்டதில்லை. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் பெயரை மட்டும் எழுதப் பழகினார். வேறு எழுத்து தெரியாது. என் முதல் தொகுப்பைக் கையில் கொடுத்தபோது அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ‘மு’ மேல் விரலை வைத்து, "இது நானு" என்றார். மற்றதெல்லாம் அவருக்கு வெறும் கோடு. அதைத்தான் பத்தடி பேனரில் இடமில்லை என்று எடுத்துவிட்டீர்கள். சின்னக் குழப்பம்தான், இல்லையா?

பினாங்கு விஜயலெட்சுமி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார். பாருங்கள், அவருக்கு என் எண் கிடைத்திருக்கிறது. என் கதையில் மாமியாரைச் சாகடித்ததற்கு அவருடைய நாத்தனார் அவரைப் பிடித்து ஏசினாராம். சிரித்துவிட்டோம். கடைசியில், "அந்தம்மாவுக்குப் புளி எவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஐயையோ" என்றார்.

அந்த அம்மா இதைப் படித்தால்: நெல்லிக்காய் அளவு என்று சொன்னது தப்பு. பெரிய எலுமிச்சை அளவு வேண்டுமாம்.