மவுஸ் யார் கையில்?

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் நாளிதழ்களில் ஒரே தலைப்புதான்: வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி. 2025-இல் மாணவிகள் 96.70 விழுக்காடு, மாணவர்கள் 93.16. அதற்கு முந்தைய ஆண்டு 96.44, 92.37. இந்த எண்களைக் காட்டி, பெண் கல்வியில் இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி விடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அதே பள்ளியின் கணினி அறைக்கு ஒரு பாடவேளை வந்து ஓரமாக நில்லுங்கள். மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. வட மாவட்டத்துக் கிராமப்புறப் பள்ளி, இருபாலரும் படிக்கிறார்கள். பெரும்பாலான பெற்றோர் விவசாயக் கூலிகள், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள். மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளுக்கு வந்த ஹைடெக் லேப் எங்களுக்கும் வந்தது. வந்ததற்கு நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் வேலை செய்கிற கணினிகளின் எண்ணிக்கையும் வகுப்பில் இருக்கிற தலைகளின் எண்ணிக்கையும் ஒட்டுவதே இல்லை. ஒரு கணினிக்கு மூன்று பேர், சில நாள் நான்கு பேர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மணி அடித்ததும் பையன்கள் செருப்பை வாசலில் உதறிவிட்டு ஓடிவந்து நல்ல கணினிகளைப் பிடித்துக்கொள்வார்கள். மாணவிகள் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் மிஞ்சியிருப்பது எழுத்து அழிந்த விசைப்பலகையும், அடிக்கடி தானே அணைந்துவிடுகிற கணினியும். சரி, மாணவிகள் மட்டுமே உட்காருகிற கணினிக்கு முன்னால் சமத்துவம் வந்துவிடுகிறதா? அதுவும் இல்லை. கடைத்தெருவில் சொந்தக் கடை வைத்திருப்பவரின் மகளுக்கு வீட்டில் அண்ணனின் மடிக்கணினி இருக்கிறது. அவள் இயல்பாக நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை எடுக்கிறாள். பக்கத்தில் அவளுடைய தோழி. பின்னால், ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நிற்கிறவள் சூளை வேலைக்குப் போகிறவர்களின் மகள், தலித் குடியிருப்பிலிருந்து வருகிறவள். இப்படி நிற்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஊரில் எப்படி நிற்கிறார்களோ அப்படி இங்கும் நிற்கிறார்கள்.

ஒருநாள் பைத்தான் என்கிற நிரல்மொழியில் இஃப் கட்டளை நடத்திக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்தவள் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கிறாள், பிழை காட்டுகிறது. மறுபடியும் ஓட்டுகிறாள், மறுபடியும் பிழை. பின்னாலிருந்து மிகத் தாழ்ந்த குரலில், "வரிக் கடைசியில் முக்காற்புள்ளி விட்டுப்போச்சு" என்று நின்றிருந்தவள் சொன்னாள். அதைப் போட்டதும் நிரல் ஓடியது. "வந்துவிட்டது டீச்சர்" என்று கை தூக்கியவள் நாற்காலியில் இருந்தவள். பிழையைக் கண்டுபிடித்தவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளை உட்காரச் சொன்னேன். தயங்கினாள். பிறகு கேட்டாள், "ஏதாவது கெட்டுப்போனால் காசு கேட்பார்களா டீச்சர்?"

இந்தக் கேள்வியைப் பற்றிக் கல்வித் தொழில்நுட்பம் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கணினியைத் தப்புத் தப்பாக அழுத்திப் பார்த்துத்தான் கற்க முடியும். தப்பாக அழுத்தும் துணிச்சல் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஒரு பொருள் உடைந்தால் இன்னொன்று வாங்கித் தருகிற வீட்டுப் பிள்ளை எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கும். ஒரு தம்ளர் உடைந்தாலே வசவு விழுகிற வீட்டுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நாமோ முன்னதை ஆர்வம் என்றும் பின்னதை மந்தம் என்றும் மதிப்பீட்டில் எழுதிவிடுகிறோம்.

பிறகு எப்படி மாணவிகள் அதிகம் தேர்ச்சி பெறுகிறார்கள் என்று கேட்கலாம். எங்கள் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பைத்தான் நிரலைப் பேனாவால் தாளில் எழுதியே பெரும்பகுதி மதிப்பெண்ணை வாங்கிவிடலாம். முத்து முத்தான கையெழுத்தில், கோடு போட்டு, வெளியீடு வரை எழுதப்பட்ட ரெக்கார்டு நோட்டு மாணவிகளுடையதுதான். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது அந்த நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பையன்கள். வேதியியல் ஆய்வகத்திலும் இதே கதை என்று சக ஆசிரியை சொல்கிறார். பியூரெட்டைப் பிடிப்பது ஒருவன், அளவைக் குறித்துக்கொள்வது ஒருத்தி. மதிப்பெண் பட்டியலில் முந்திய இந்தப் பெண்களில் எத்தனை பேர் நாளை ஒரு நேர்முகத் தேர்வில் கணினி முன்னால் கை நடுங்காமல் உட்காருவார்கள் என்பதை எந்தத் தேர்ச்சி விழுக்காடும் சொல்லாது.

பள்ளியை விட்டு வெளியே வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. 14 முதல் 18 வயது வரையுள்ள ஊரகப் பிள்ளைகளிடம் 2023-இல் எடுக்கப்பட்ட ஏசர் என்கிற கல்விநிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 விழுக்காடு, பெண்கள் 19.8. இது இந்திய அளவிலான கணக்கு. என் வகுப்பில் கணக்கெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மாணவிகளின் பெயருக்கு எதிரே இருக்கும் எண்களில் பெரும்பாலானவை அப்பாவுடையவை, இல்லாவிட்டால் அண்ணனுடையவை. மாலை ஏழு மணிக்கு ஒரு பயிற்சியை அனுப்பினால், அப்பா வேலை முடிந்து வீடு வர ஒன்பது. அடுத்து அண்ணன் கைக்குப் போகும். அவள் பாத்திரம் கழுவிவிட்டு வந்து கேட்கும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அரசின் மணற்கேணி செயலியில் அருமையான பாடக் காணொலிகள் இருக்கின்றன. அவை யாருக்காக எடுக்கப்பட்டனவோ அவர்களில் பாதிப் பேருக்கு அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி இல்லை.

"பெண்பிள்ளைக்குப் போன் எதற்கு?" என்று கேட்கிற பெற்றோரைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தால் வேறொன்று தெரியும். அவர்களுக்கு மகளின் படிப்பின் மேல் வெறுப்பு இல்லை. படிக்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள். பயம் வேறு இடத்தில் இருக்கிறது: போன் வழியாகச் சாதி விட்டுச் சாதி ஒரு பழக்கம் வந்துவிடும் என்ற பயம். சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தைச் சாக்கிட்டு 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாநிலம் இது. 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட தலித் இளைஞர் சங்கரை வெட்டிக் கொன்ற மாநிலம் இது. பிளஸ் ஒன் படிக்கிற ஒருத்தியின் கையில் போன் இருப்பது இந்த ஊர்களில் வெறும் செலவுக் கணக்கு அல்ல. ஆதிக்கச் சாதி வீட்டில் போன் இருக்கும், ஆனால் அவளுக்குத் தெரியாமல் அதைத் திறந்து பார்க்கும் கண்களும் இருக்கும். தலித் வீட்டில் கண்காணிப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம், ஆனால் போனே ஒன்றுதான், ரீசார்ஜும் கூலி வந்தால்தான். இருவரும் வீட்டுப்பாடம் அனுப்பாமல் வகுப்புக்கு வருகிறார்கள். என் வீட்டுப்பாடப் பதிவேட்டில் இரண்டும் ஒரே குறைதான், காரணங்களுக்கோ ஒன்றோடொன்று ஒட்டே இல்லை. சாதியை விட்டுவிட்டுப் பாலினத்தை மட்டும் பேசுகிறவர்களுக்கும், பாலினத்தை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் பேசுகிறவர்களுக்கும் இந்தப் பெண்களில் ஒருத்தி கண்ணில் படாமலே போய்விடுகிறாள்.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் இணையத்தில்தான். ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். அந்த எண் லாரி ஓட்டுகிற அப்பாவிடம் இருக்கும், அவர் நாமக்கல்லிலோ விஜயவாடாவிலோ இருப்பார். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் மாணவி அவரை அழைக்கப் பக்கத்தில் இருப்பவரிடம் போன் கடன் வாங்குவாள். அவர் எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். அன்றைய பள்ளி நாளும் போயிற்று.

நம் மாநிலத்துக்கு இந்த நோய்க்கு மருந்து தெரியாதா என்றால், தெரியும். எழுபது ஆண்டுகளாகத் தெரியும். காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது அரிசியை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை, பிள்ளையின் தட்டில் சோற்றைப் போட்டார். வீட்டுக்குப் போயிருந்தால் அது வீட்டு வழக்கப்படி பங்கு பிரிந்திருக்கும். முதலில் ஆண்கள், பிறகு பையன்கள், மிஞ்சினால் அவள். பள்ளித் தட்டு அந்த வரிசையை உடைத்தது. மிதிவண்டியும் அப்படித்தான். பிகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கென்றே மிதிவண்டித் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அந்த வயதுப் பெண்களின் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். கொடுத்தது குடும்பத்துக்கு அல்ல, அவளுக்கு.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். அதைக் கேலி செய்தவர்கள் ஏராளம். படம் பார்ப்பார்கள், விற்றுவிடுவார்கள் என்றார்கள். சிலர் விற்கவும் செய்தார்கள். ஆனால் என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில் அந்த மடிக்கணினியை ஓராண்டு அண்ணன்தான் வைத்திருந்தான். கல்லூரி விடுதிக்குக் கிளம்பும் நாளில், "இது என் கையெழுத்துப் போட்டு வாங்கியது" என்று சொல்லி அவள் எடுத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த முதல் விலையுயர்ந்த பொருள் அதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுப்பது பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோனது. 2025 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். வரவேற்கிறேன். இருந்தாலும் கல்லூரி வாசலை எட்டியவர்களுக்குத்தானே அது? பிளஸ் டூ முடித்ததும் நூற்பாலைக்கோ திருமண மேடைக்கோ போய்விடுகிறவள் எந்தக் காலத்திலும் அந்தப் பட்டியலில் வரமாட்டாள். கருவி அவள் கைக்குப் போக வேண்டிய வயது பிளஸ் ஒன்.

கருவி இல்லாமலும் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. வீட்டில் ஒரே தொலைக்காட்சி, அதன் ரிமோட் யாரிடம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அந்தந்தத் தெருவில் படித்த ஓர் அக்கா, மாலையில் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பேர் சொல்லி அழைத்து உட்கார வைத்தார்கள். எழுத்து மறந்துபோன பிள்ளைகள் மீண்டும் எழுதினார்கள். அந்தப் பெண்களின் உழைப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. சின்ன விஷயம் என்று பலர் சிரித்தார்கள். கணினி அறையில் நான் அதைத்தான் செய்கிறேன். அகர வரிசையில் கணினி ஒதுக்கீடு, சுவரில் பெயர்ப் பட்டியல். அதோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலி மாற வேண்டும். நாற்காலியில் இருப்பவர் மட்டும்தான் தொடலாம், மற்றவர்கள் வாயால் சொல்லலாம். கெட்டுப்போனால் யாரும் காசு கட்ட வேண்டியதில்லை என்பதை ஆண்டின் முதல் வகுப்பில் உரக்கச் சொல்லிவிடுகிறேன். வேகம் குறைகிறது, போர்ஷன் முடியாது என்று முணுமுணுப்பு உண்டு. குறைவது ஏற்கெனவே தெரிந்தவர்களின் வேகம். அந்தச் சூளைப் பெண் இப்போது விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்கிறாள்.

இது ஓர் ஆசிரியையின் நல்லெண்ணத்தில் நிற்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவைப் பள்ளிக்குக் கொண்டுவருவது பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினிக்கென்று நிரந்தர ஆசிரியர் வேண்டும். பிளஸ் ஒன்னில் முதன்முறையாக மவுஸைத் தொடுகிறவளிடம் எந்த நுண்ணறிவைப் பேசுவது? ஓ.டி.பி.க்கு மாற்றாகப் பள்ளியிலேயே கைரேகை வைத்து விண்ணப்பத்தை முடிக்கும் வசதி எல்லா உதவித்தொகைக்கும் வேண்டும். ஆய்வகத்தைப் பார்வையிட வரும் அலுவலர்கள் எத்தனை கணினி இயங்குகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது, யார் யார் எத்தனை நிமிடம் இயக்கினார்கள் என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

பள்ளி விட்ட பிறகு ஆய்வகத்தைத் திறந்து வைத்தால் போதாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். எங்கள் ஊருக்கு மாலை ஐந்தேகாலுக்கு ஒரு நகரப் பேருந்து. கட்டணம் இல்லாமல் பெண்கள் ஏறுகிற பேருந்து. அதை விட்டால் அடுத்தது ஏழரைக்கு, இருட்டில் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேல் திறந்திருக்கும் ஆய்வகம் பையன்களின் ஆய்வகம். வாரத்துக்கு இன்னும் இரண்டு பாடவேளை, காலை ஒன்பதரைக்கும் நாலு மணிக்கும் நடுவில், கால அட்டவணையிலேயே வேண்டும். இந்த ஆண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னொன்றுக்காகத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.