இடித்து மீண்டும் கட்டிய பப் போலியா?

லண்டனில் கில்பர்னை ஒட்டிய கார்ல்டன் வேல் சாலையில் கார்ல்டன் டாவர்ன் என்ற பப் இருக்கிறது. சாரிங்டன் என்ற பீர் ஆலைக்காக 1920–21இல் கட்டப்பட்டது அது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பிய அந்தக் கட்டடம் 2015 ஏப்ரலில் ஒரு புல்டோசருக்குத் தப்பவில்லை. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட விரும்பிய உரிமையாளர் நிறுவனத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் அனுமதி மறுத்திருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அதைச் சேர்ப்பது குறித்த பரிசீலனையும் நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் விடுமுறையின்போது, இருப்புக் கணக்கெடுக்க வேண்டும், ஒரு நாள் மூடிவையுங்கள் என்று பப்பை நடத்திய பெண்மணியிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளில் அவர் கண்டது இடிபாட்டுக் குவியலைத்தான்.

அதே கட்டடத்தை, இருந்தபடியே, மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று நகர மன்றம் உத்தரவிட்டது. நிறுவனத்தின் மேல்முறையீடு 2016இல் தோற்றது. பட்டியலில் சேர்ப்பதற்காக முன்பே எடுத்து வைத்திருந்த விரிவான பதிவுகள் கைகொடுக்க, ஓடுகளும் செங்கற்களும் பழையபடி அமைக்கப்பட்டு, 2021 ஏப்ரலில் கார்ல்டன் டாவர்ன் மறுபடியும் திறந்தது.

இதைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் சிலர், அது வெறும் நகல், பழைமை போனது போனதுதான் என்று சொல்கிறார்கள். நான் இதை முழுமையாக மறுக்கிறேன். நான் மது அருந்துவதில்லை. லண்டனில் வாழ்ந்த ஆண்டுகளில் உடன் வேலை செய்தவர்களோடு பப்புக்குப் போன போதெல்லாம் லைம் சோடாவை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர்கூட அதை வேற்றுமையாகப் பார்க்கவில்லை. நான் வாங்கும் முறை வந்தபோது எல்லோருக்கும் நான் வாங்கினேன், அவர்கள் முறை வந்தபோது எனக்கு லைம் சோடா வந்தது. ஆங்கிலேயர்கள் உயிரைப்போல் காக்கும் இந்த முறைவைப்பு எந்தச் செங்கல்லிலும் இல்லை.

சதர்க் பகுதியிலுள்ள ஜார்ஜ் இன் விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய, முற்றத்தைச் சுற்றி மாடத் தாழ்வாரங்கள் கொண்ட விடுதிகளில் லண்டனில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1676இல் அந்தப் பகுதியில் பரவிய தீயில் எரிந்து, மறு ஆண்டு பழைய அமைப்பிலேயே எழுப்பப்பட்டது. 1889இல் ஒரு ரயில் நிறுவனம் அதன் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. இன்று பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருப்பது முற்றத்தின் ஒரு பக்கம் மட்டுமே. அதை நகல் என்று எவரும் சொல்வதில்லை; காலம் கடந்துவிட்டதால் மறுகட்டுமானமும் வரலாறாகிவிட்டது. கார்ல்டன் டாவர்னுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

பப் என்ற சொல்லே 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட வீடு என்று பொருள். ஜின் என்ற கடும் மதுவின் மோகத்திலிருந்து ஏழைகளைப் பீரின் பக்கம் திருப்பலாம் என்ற எண்ணத்தில் 1830இல் இயற்றப்பட்ட பீர்க்கடைச் சட்டம், வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (அக்காலப் பிரிட்டிஷ் பணம்) கட்டணத்துக்கு உரிமம் பெற்றுப் பீர் விற்கலாம் என்றது. பல்லாயிரம் குடும்பங்கள் தம் வீட்டு முன்னறையையே கடையாக்கின. பல பப்புகளின் அறைகள் இன்றும் வரவேற்பறையைப்போல் சிறியனவாக, கணப்படுப்போடு இருப்பதைப் பார்க்கும்போது அந்த வீட்டுத்தன்மையை உணர முடியும். பப்பை மூடும் முன் கடைசி ஆர்டருக்கு அடிக்கும் மணியும் இப்படிச் சட்டத்தால் அழுத்தம் பெற்றதுதான்: முதல் உலகப் போரில் ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துக் கிடக்கக் கூடாதென்று நேரம் சுருக்கப்பட்டது, அப்போது புகுத்திய பிற்பகல் மூடல் 1988 வரை நீடித்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி பாதாள அறையில் இருக்கிறது. மரபான ஏல் பீர், ஆலையை விட்டு வந்த பிறகும் பீப்பாய்க்குள் ஈஸ்ட்டோடு உயிருடன் இருக்கிறது. பப்பின் பாதாள அறையில்தான் அது பக்குவமடைகிறது. ஏறத்தாழ 12 டிகிரிக் குளிர்ச்சியில் வைத்து, எப்போது திறக்க வேண்டும் என்று பப் நடத்துபவர் பார்த்துக் கணித்து, கைப்பம்பால் இழுத்து ஊற்ற வேண்டும். ஃபர்கின் எனப்படும் சிறிய பீப்பாயில் 72 பைண்ட், அதாவது சுமார் 41 லிட்டர், இருக்கும். திறந்துவிட்டால் காற்று பட்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும். ஆகவே நாள்தோறும் வருகிற அக்கம்பக்கத்தார் இல்லாத பப்பில் நல்ல ஏல் கிடைக்க வழியே இல்லை. ஊர் கூடினால்தான் அந்தப் பானமே நிலைக்கும். பெரிய ஆலைகள் வாயு அழுத்தத்தில் இயங்கும் கெடாத பீருக்கு மாறிக்கொண்டிருந்த 1971இல் நான்கு பேர் கூடிக் காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கி இந்த மரபைக் காப்பாற்றியதை நான் பெரிய பண்பாட்டுச் சாதனையாகவே கருதுகிறேன்.

பப்பின் கடந்த காலம் முழுவதையும் நான் போற்றவில்லை. தொழிலாளிகளுக்கு வெறுந்தரையோடு ஓர் அறை, வசதியானவர்களுக்குக் கம்பளம் விரித்துச் சற்றுக் கூடுதல் விலையில் இன்னோர் அறை என்று பழைய கட்டடங்கள் வர்க்கத்தை மரத்தடுப்பால் பிரித்தன. பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்விக் போன்ற ஊர்களில் 1960களில் நம் நாட்டிலிருந்து சென்ற வார்ப்பாலைத் தொழிலாளர்களுக்குச் சில பப்புகள் நிறத்தைக் காட்டி இடம் மறுத்தன. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் வந்த பிறகே அது சட்டவிரோதமாயிற்று. இன்று அதே வட்டாரத்தில் பஞ்சாபிக் குடும்பங்கள் நடத்தும் 'தேசி பப்'கள் பெயர்பெற்றவை. ஒரு கையில் ஏல், எதிரே தந்தூரி இறைச்சித் தட்டு, தொலைக்காட்சியில் கால்பந்து, பக்கத்து மேசையில் ஆங்கிலேயர்கள். அந்த இடங்களில் உரிமையாளரும் உணவும் மாறிவிட்டன, ஆனாலும் அவை பப்புதான் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை.

இப்போது பப்பை அழிப்பது நிலத்தின் விலை. பீர் விற்று வரும் வருமானத்தைவிட அந்த மனையில் வீடு கட்டி விற்றால் வரும் தொகை பெரிது என்பதால் நன்றாக நடக்கும் பப்பும் இலக்காகிறது. 2017 முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம். ஆனாலும் 2023 ஆகஸ்டில் ஸ்டாஃபர்ட்ஷயரில், நிலக்கரிச் சுரங்கத்தால் தரை இறங்கிச் சாய்ந்தே நின்ற புகழ்பெற்ற 'குரூக்கட் ஹவுஸ்' என்ற பப் தீக்கிரையாகி, இரண்டு நாளில் இடித்தும் முடிக்கப்பட்டது. அதையும் திரும்பக் கட்டும்படி உள்ளூர் மன்றம் ஆணையிட்டது, கார்ல்டன் டாவர்ன் காட்டிய வழியில்தான். மறுகட்டுமானத்தைப் போலி என்று ஒதுக்கினால், இடித்துவிட்டு அபராதம் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு நாமே துணைபோகிறோம்.

கார்ல்டன் டாவர்ன் திறந்த 2021 ஏப்ரல் 12 அன்று காலையில் லண்டனில் பனி பெய்திருந்தது. கொரோனா விதிகளின்படி வெளியே போட்ட மேசைகளில் மட்டுமே பரிமாறலாம். ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அந்தக் குளிரிலும் வந்தார்கள். உள்ளே அமர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டியிருந்தது.