அந்தப் படத்தில் காடு எங்கே இருக்கிறது?

போன வாரம் முகநூல் ஒரு பழைய படத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. வால்பாறையில் சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிங்கவால் குரங்குக்கு நான் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. மேலே நான் எழுதியிருந்த வரி: "அடர்வனத்தில் ஒரு நண்பன்." எழுபத்துச் சொச்சம் லைக். ஒருத்தர்கூட "டேய், இதில் வனம் எங்கேடா இருக்கிறது?" என்று கேட்கவில்லை.

இதை எழுதியது யார் என்று பாருங்கள். எங்கள் அம்மாச்சி வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். அம்மா பிறந்ததே லைன் வீட்டில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டில். அம்மாச்சியின் பேச்சில் இரண்டு சொற்கள் ஒருநாளும் கலந்ததில்லை. தோட்டம் என்றால் தேயிலை, சோலை என்றால் காடு. "சோலைக்குள்ள போகாதே, அட்டை ஏறிரும்" என்பார். தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், சோறு தின்ன சோலை ஓரத்துக்குத்தான் போவோம் என்பார். அவர் பேரன் பொறியியல் படித்துவிட்டு வந்து தோட்டத்தைப் பார்த்து வனம் என்று எழுதியிருக்கிறான்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் செய்வதும் இதுதான். பச்சையாகத் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி, "என்ன ஒரு இயற்கை" என்று மூச்சை இழுத்துவிட்டுப் படம் எடுக்கிறோம். அந்த இயற்கைக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1890களில் ஆரம்பித்து வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்த மேட்டுநிலம் அது, கிட்டத்தட்ட 220 சதுர கிலோமீட்டர். முன்னோடித் தோட்டக்காரரான கார்வர் மார்ஷுக்குக் காவர்கல்லில் சிலையே இருக்கிறது. வெட்டிய கூலிக்காரர்களுக்கும் காய்ச்சலில் செத்தவர்களுக்கும் சிலை கிடையாது, அது வேறு கதை. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரம்கூட ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். மேட்டுநிலத்தைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளப் பக்கத்துப் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. உள்ளே மிஞ்சியது துண்டு துண்டாகக் கிடக்கும் சோலைகள்தான், பச்சைக் கடலில் தீவு மாதிரி.

தேயிலையைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. நாலு தலைமுறையாக அதை நம்பி இருக்கிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதைக் காடு என்று நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிற உண்மையான காட்டைப் பார்க்காமலே இறங்கி வந்துவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது.

நான் சோலையின் உள்ளே போனது அந்தப் படம் எடுத்து ஆறேழு வருடம் கழித்து, அனுமதி வாங்கிப் போன ஒரு நண்பர் குழுவோடு. ஜூலை மாதம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது, கோவையைப் போல ஐந்து மடங்கு. மூக்குப்பொடியைக் காலில் தேய்த்துக்கொண்டுதான் போனேன், அப்படியும் பதினேழு அட்டை. உள்ளே போனதும் பகலே மங்கிவிடுகிறது. பலகை பலகையாக வேர் விரித்து நிற்கும் மரங்கள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது, இலையும் கிளையும் சேர்ந்து மேலே ஒரு கூரை. முதல் அரைமணி நேரம் ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை. அப்போதுதான் உறைத்தது, எல்லாம் மேலே இருக்கிறது, நாம் அடித்தளத்தில் நடந்துகொண்டிருக்கிறோம் என்று.

2019 ஆகஸ்டில் அமேசான் எரிந்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் "உலகின் நுரையீரல் எரிகிறது" என்று பதிவு போட்டார்கள். நானும் போட்டேன். ஆனால் முதிர்ந்த மழைக்காடு தான் விடுகிற ஆக்சிஜனை ஏறக்குறைய தானே செலவழித்துவிடுகிறது, நமக்கென்று சிலிண்டர் நிரப்பி வைப்பதில்லை. காட்டுக்குப் பெருமை சேர்க்க இந்த நுரையீரல் கதை தேவையும் இல்லை. நிலப்பரப்பில் ஏழு சதவீதம்கூட இல்லாத மழைக்காடுகளில்தான் உலகின் உயிரினங்களில் பாதி இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை உயிர்களும் அங்கே சும்மா குடியிருக்கவில்லை. காட்டை நட்டு வளர்த்துக்கொண்டிருப்பதே அவைதான்.

வெடிப்பலா என்று ஒரு மரம். கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும், முள்ளுக் காய் காய்க்கும். சிங்கவால் குரங்குக்கு அது சோறு மாதிரி, பூவையும் தின்னும், காயை உடைத்துக் கொட்டையையும் தின்னும். அதன் இன்னொரு பெயர் சோலைமந்தி, எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பழங்களைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய் வேறு மரத்தில் உட்கார்ந்து விதையைத் துப்பும், அந்த இடத்தில் ஒரு கன்று முளைக்கலாம்.

அப்புறம் அத்தி வகை மரங்கள். அத்தி பூத்தாற்போல என்கிறோம், அத்தி பூக்காமல் இல்லை, பூ காய்க்குள்ளேயே இருக்கிறது, அதற்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்க ஒவ்வொரு அத்திக்கும் அதற்கேற்ற பொடிக் குளவி உண்டு. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் ஏதாவது ஓர் அத்தி பழுத்து நிற்கும், இருவாச்சி என்கிற பெரிய அலகுப் பறவை அதை நம்பித்தான் இருக்கிறது. பெண் இருவாச்சி பெரிய மரப்பொந்துக்குள் போய் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண்தான் பழம் பழமாகக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது தொண்டையில் சுமந்து போய் உமிழ்கிற கொட்டையிலிருந்துதான் கருங்குங்கிலியம் மாதிரிப் பெரிய விதை மரங்கள் தள்ளித் தள்ளி முளைக்கின்றன. கருங்குங்கிலியம் துளிர் விடும்போது மரமே செக்கச்செவேல் என்றிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றுதான் நினைப்போம். மலைக்கு அந்தப் பக்கம் வாழச்சாலில், முன்பு இருவாச்சிக் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்துவந்த காடர் பழங்குடியினரே 2000களின் நடுவிலிருந்து கேரள வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் காவல் காக்கிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன். சிங்கவால் குரங்கு உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. மொத்தம் நாலாயிரத்தைத் தாண்டாது என்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் சோலை ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதில் ஒரு பெரிய கூட்டமே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. நடுவில் ரோடு. மரத்துக்கு மரம் தாவ வழியில்லாமல் இறங்கிக் கடந்து வண்டியில் அடிபட்டுச் செத்ததால்தான் மேலே தொங்கு பாலம் கட்டிவிட்டார்கள், அதில் அவை வரிசையாக நடந்து போவதைப் பார்க்க வேண்டும். அந்தப் பாலத்துக்குக் கீழேயே காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிச் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டுகிறோம். மேலே போக வேண்டியது கீழே வருகிறது. கூட்டத்தோடு சோலையில் பழம் தேடாமல் சுவரில் கார் வருமா என்று காத்திருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது, தீனி போடுவது குற்றம், அபராதம் உண்டு. போர்டும் வைத்திருக்கிறார்கள். என் படத்திலேயே ஓரத்தில் அந்த போர்டின் பாதி தெரிகிறது!

"ஒரு மரம் வெட்டினால் பத்து மரம் நடுவோம்" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 2000களின் தொடக்கத்திலிருந்து காட்டுயிர் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் அவர்கள் குழுவும் வால்பாறையில் சிதைந்த சோலைத் துண்டுகளை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாலையோரம் விழுந்த விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, சோலையில் புகுந்து பரவிய உண்ணிச்செடியைக் களைந்து, எந்த மரம் நிழலில் வரும் எது வெயிலில் வரும் என்று பார்த்துப் பார்த்து நடுகிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் வேலை முடியவில்லை. நம் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனரோடு ஆயிரம் கன்று நட்டு மதியம் பிரியாணியோடு முடிக்கிறோம்.

நமக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது, பொள்ளாச்சியில் இளநீர் குடித்துக்கொண்டே கேட்கலாம். சோலையாறு, நீராறு அணைகளில் தேங்குகிற அந்த மலை மழைதான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்கள் வழியாகக் கீழே வந்து பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளுக்குப் பாய்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் இந்தக் காரணம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தண்ணீர் தராவிட்டால் இருவாச்சி செத்தால் பரவாயில்லையா?

அம்மாச்சி இப்போது இல்லை. சோலையை அவர் இயற்கை என்றெல்லாம் சொன்னதே கிடையாது, பயமும் மரியாதையுமாகத்தான் பேசுவார். மந்தி கத்தினால் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாராம், பக்கத்தில் ஏதோ நடமாட்டம் என்று அர்த்தம். கார் சத்தத்துக்கு இறங்கி வருகிற மந்தியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்தப் பழைய படத்தை அழிக்கவில்லை. மேலே இருந்த வரியை மட்டும் மாற்றி, "தோட்டத்தில் ஒரு குற்றம்" என்று போட்டிருக்கிறேன். முதல் கருத்தில் இணைத்திருக்கிறேன், வந்து திட்டிவிட்டுப் போங்கள். பிஸ்கட் பாக்கெட்டோடு நீங்கள் எடுத்த படம் இருந்தால் அதையும் அங்கேயே போடுங்கள்.