உலகம் சுற்றும் டிக்கெட்டுக்கு யார்தான் பொறுப்பு?

கையில் பணத்தை வைத்துக்கொண்டு, "தயவுசெய்து இதை எனக்கு விற்றுவிடுங்கள்" என்று கெஞ்ச வேண்டிய பொருள் இந்தக் காலத்திலும் ஒன்று இருக்கிறது. ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட். சென்னையில் ஏறி, ஒரே திசையில் உலகத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி இந்தியாவில் வந்து இறங்கலாம். ஒரு வருஷம் வரை செல்லும். பல ஏர்லைன்ஸ் சேர்ந்து தரும் ஒரே டிக்கெட் என்கிறார்கள். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் என்ற ஏர்லைன்ஸ் கூட்டணிகள் இரண்டிலும் உண்டு. நான் யாரிடம் மாட்டினேன் என்று சொல்லப்போவதில்லை.

விதிகள் இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை தாண்ட வேண்டும். கிழக்கே கிளம்பினால் கிழக்கேதான். செக்டார், அதாவது ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் பயணம், மொத்தம் 16-க்கு மேல் கூடாது. சரி, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகத் தருகிறார்கள், நாலு கட்டுப்பாடு இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த 16 எங்கிருந்து வந்தது? காகித டிக்கெட் காலத்தில் ஒரு டிக்கெட்டில் 4 கூப்பன், செக்டாருக்கு ஒன்று. தொடர் எண்ணில் நாலு டிக்கெட்டைச் சேர்த்தால் 16. விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2008 ஜூனிலேயே காகித டிக்கெட்டுக்கு மூடுவிழா நடத்திவிட்டது. கூப்பன் கணக்கு மட்டும் இன்னும் போகவில்லை. இதில் இன்னொரு கொடுமை, லாஸ் ஏஞ்சலஸில் இறங்கி ரயிலில் சான்பிரான்சிஸ்கோ போய் அடுத்த விமானம் பிடித்தால், அந்த ரயில் பயணமும் 16-இல் ஒன்றாம். என் காசில் நான் போகிற ரயிலுக்கு இவர்கள் எதற்குக் கணக்கு எழுதுகிறார்கள்?

பூகோளத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒன்வேர்ல்டின் கண்டக் கணக்கில் மத்திய கிழக்கு ஐரோப்பாவோடு சேர்த்தி. கெய்ரோவும் காசாபிளாங்காவும்கூட அங்கேதான். சென்னையிலிருந்து தோஹா வழியாகக் கிழக்கே போகலாமே என்று நினைத்தால், நீங்கள் ஐரோப்பாவுக்குப் போய் ஆசியாவுக்குத் திரும்பியவர் ஆகிவிடுவீர்கள். விலையும் எந்த நாட்டில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அதற்காகவே ஆஸ்லோவுக்கோ கெய்ரோவுக்கோ தனி டிக்கெட் எடுத்துப் போய், அங்கிருந்து உலகத்தைச் சுற்றத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இதையெல்லாம் படித்து, மனப்பாடம் செய்து, டோக்கியோ, சான்பிரான்சிஸ்கோ, லீமா, மாட்ரிட் என்று வழியையும் போட்டுவிட்டு வெப்சைட்டில் உட்கார்ந்தால்தான் நிஜமான கூத்து ஆரம்பம். அழகான மேப். ஊரைத் தொட்டால் கோடு போடுகிறது. தேதி, விமானம், நேரம் எல்லாம் தேர்ந்தெடுத்து, பயணிகள் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: விலையைக் கணக்கிட முடியவில்லை, எங்களைத் தொடர்புகொள்ளவும். எந்த செக்டாரில் சிக்கல்? எந்த விதி இடிக்கிறது? ஒரு வார்த்தை கிடையாது. முன்பக்கத்துக்குத் திரும்பினால் நிரப்பியதெல்லாம் காலி.

விமானத்தில் இடம் இருப்பது ஒரு விஷயமே இல்லை என்பது அப்புறம்தான் புரிகிறது. இந்த டிக்கெட்டுக்கு என்று தனி புக்கிங் எழுத்து இருக்கிறது. ஒன்வேர்ல்ட் எகானமி என்றால் 'எல்'. அந்த எழுத்தில் இடம் திறந்திருந்தால்தான் உண்டு. விமானம் பாதி காலியாகப் பறந்தாலும் நமக்கு இடம் இல்லை. அதுவும் டோக்கியோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு மட்டும் கேட்டால் இல்லை என்று வரும். அங்கிருந்து இன்னொரு ஊருக்கும் சேர்த்துக் கேட்டால் அதே விமானத்தில் இடம் முளைக்கும். 'மேரிட் செக்மென்ட்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, போன் செய்யலாம். கூட்டணிக்குக் கூப்பிட்டால் "டிக்கெட் போடுவது ஏர்லைன்ஸ்தான்" என்கிறார்கள். ஏர்லைன்ஸைக் கூப்பிட்டால், "முதல் சர்வதேச விமானம் யாருடையதோ அவர்களிடம் பேசுங்கள் சார்" என்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் எடுக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு டிக்கெட் இருப்பதே தெரியவில்லை. "மல்டி சிட்டியா சார்?" என்று கேட்டுவிட்டு ஹோல்டில் போடுகிறது. பாவம், அதன் மேல் கோபப்பட்டு என்ன? சொல்லிக்கொடுக்காமல் போன் முன்னால் உட்கார வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும். கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்தால், அவரும் விலை சொல்ல முடியாது. 'ரேட் டெஸ்க்' என்று உள்ளே ஒரு பிரிவு கையால் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும், 48 மணி நேரம் பொறுங்கள் என்பார். அதற்குள் நடுவில் ஒரு விமானத்தின் கெடு முடிந்து சீட் பறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

"எங்க ஸ்கிரீன்ல கன்ஃபர்ம்னுதான் சார் இருக்கு."

"எங்க ஸ்கிரீன்ல கேன்சல்னு இருக்கு சார்."

இரண்டுமே உண்மை! ஒரு ஏர்லைன்ஸ்காரர் அமேடியஸ் என்ற புக்கிங் சிஸ்டத்தில் பார்க்கிறார், இன்னொரு ஏர்லைன்ஸ்காரர் சேபர் என்ற வேறொன்றில் பார்க்கிறார். ஒவ்வொரு ஏர்லைன்ஸுக்கும் தனி பி.என்.ஆர். அவர்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள், நான் நடுவில் நின்று இவர் சொன்னதை அவரிடம் ஒப்பிக்க வேண்டும். பங்காளிகள் பிரித்துக்கொள்ளாத பூர்வீக வீடு மாதிரி இருக்கிறது: வாடகையில் எல்லோருக்கும் பங்கு, ஓடு ஒழுகினால் ஏணி எடுத்து வர ஆளில்லை.

இதோடு இந்திய பாஸ்போர்ட் வேறு. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் விசா வேண்டும். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்குப் போய்வரும் பயணத் திட்டத்தைத் தேதியோடு காட்ட வேண்டும். தேதி சொன்னால்தான் விசா, விசா வந்தால்தான் தேதி. ஒரு வருஷ டிக்கெட் என்கிறார்களே, விமான அட்டவணை ஏறத்தாழ 11 மாதத்துக்குத்தான் திறந்திருக்கும். கடைசி செக்டாருக்குச் சும்மா ஒரு தேதியைப் போட்டு வைத்துவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும். பொய்த் தேதி போட்ட அந்தத் தாளைத்தான் தூதரகத்திலும் நீட்ட வேண்டும்.

நடுவில் கூட்டணியும் மாறும். தென்னமெரிக்க ஏர்லைன்ஸான லத்தாம் 2020-இல் ஒன்வேர்ல்டை விட்டுப் போனதில் தென்னமெரிக்காவுக்குள் சுற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கியவர்களில் ஒன்றான ஸ்காண்டிநேவிய ஏர்லைன்ஸ் எஸ்.ஏ.எஸ். 2024-இல் ஸ்கைடீம் என்ற இன்னொரு கூட்டணிக்குத் தாவிவிட்டது.

பழைய டிராவல் ஏஜென்ட்கள் இதைக் கறுப்புத் திரையில் நாலு கட்டளை அடித்து முடித்துவிடுவார்கள். அவர்கள் கமிஷனை ஏர்லைன்ஸ்கள் வெட்டி வெட்டி, இப்போது இந்த டிக்கெட் என்றாலே "வேண்டாம் சார், விடுங்க" என்கிறார்கள். ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு அவர்கள் என்ன சம்பாதிக்கப் போகிறார்கள்?

சரி, எப்படியோ வாங்கியாகிவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்தேன். ஒரு ஏர்லைன்ஸ் புறப்படும் நேரத்தை மாற்றியது. "ஓகே" கொடுத்தேன். பி.என்.ஆரில் புது நேரம் வந்துவிட்டது, டிக்கெட்டை மட்டும் யாரும் ரீஇஷ்யூ செய்யவில்லை. கவுன்டரில் போய் நின்றால், "உங்க பேர் இருக்கு, டிக்கெட் இல்லை, போட்டவங்களைக் கேளுங்க." போட்டவர்கள் இருப்பது வேறு கண்டத்தில், அங்கே அப்போது நடுராத்திரி. அந்த விமானத்தை விட்டால் நோ-ஷோ, அதாவது வராத பயணி என்று எழுதிவிடுவார்கள், மிச்சமுள்ள செக்டார் மொத்தமும் ரத்து. யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அமுக்காததற்கு, பெட்டியோடு ஓரமாக நின்று போனில் மன்றாட வேண்டியது நான்.

தேதி மாற்றம் இலவசம் என்று விதிகளில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். மாட்ரிட்டில் இரண்டு நாள் கூட இருக்கலாம் என்று ஆசைப்பட்டு அதையும் கேட்டுப் பார்த்தேன். இலவசம்தானாம். வரியை மட்டும் ரேட் டெஸ்க் மறுபடி கணக்குப் போட வேண்டுமாம், 48 மணி நேரம் ஆகுமாம். என் விமானம் மறுநாள் காலை.