எந்த ஊர் 8 மணி?

ஒரு வேலை எப்போது தானாக ஓடவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கிரான் (cron) வரியைச் சாதாரண வசனமாக்கித் தரும் கருவியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அலுவலகத்தில் நாள் முழுக்க எனக்கு இந்த வரிகளோடுதான் வேலை. '0 8 * * *' (முதலில் நிமிடம், அடுத்தது மணி) என்று கொடுத்தால் "தினமும் காலை 8 மணி" என்கிறது. சரி, எந்த ஊர் 8 மணி? எங்கள் சர்வர் ஓடுவது யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தில். கொழும்பு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். காலையில் போகவேண்டிய நினைவூட்டல் குறுஞ்செய்தி பகல் 1.30க்குப் போய், வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கினோம். '30 2 * * *' என்று போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் '0 9 13 * 5'. இதில் 13 என்பது திகதி, 5 என்பது வெள்ளிக்கிழமை. 13ஆம் திகதி வெள்ளிக்கிழமையில் வந்தால் மட்டும் ஓடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் ஒவ்வொரு 13ஆம் திகதியும் ஓடும், ஒவ்வொரு வெள்ளியும் ஓடும். இந்த 'அல்லது', கருவி தரும் வசனத்தில் தெளிவாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒரு கருவியை நம்புவேன்.