பச்சை லைட் எரியுதில்ல சார், அப்புறம் என்ன?

"பச்சை லைட் எரியுதில்ல சார், அப்புறம் என்ன?" மூன்று மாதமாக இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சார்ஜரில் பச்சை எரிகிறது, நானும் பார்க்கிறேன், கண் இருக்கிறது. ஆனால் எங்கள் அடுக்ககத்துப் பேட்டரி கார் மெயின் கேட்டிலிருந்து ஒரு நடை வருகிறது, இரண்டாவது நடையில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடுகிறது. போன வாரம் அப்படிப் படுத்தபோது அதில் இருந்தது முட்டி ஆபரேஷன் முடிந்த என் அம்மா. உச்சி வெயில். டிரைவர் தம்பியும் செக்யூரிட்டி அண்ணனும் பின்னாலிருந்து தள்ள, அம்மா மேலே உற்சவ மூர்த்தி மாதிரி உட்கார்ந்து வருகிறார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் "தேர் வருது, தேர் வருது" என்று கூடவே ஓடி வருகிறார்கள். அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுடையது பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககம். கேட்டுக்கும் கடைசி பிளாக்குக்கும் நல்ல தூரம். வயதானவர்களுக்காக அசோசியேஷன் வாங்கிய வண்டி இது. கோல்ஃப் மைதானத்தில் ஓடுவதும் இதே வண்டிதான், நம் ஊரில் பேட்டரி கார் என்றால்தான் தெரியும். சீட்டைத் தூக்கினால் நான்கு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக, மொத்தம் 48 வோல்ட். பழைய லெட் ஆசிட் சமாச்சாரம், அதாவது ஆசிட்டில் மூழ்கிய ஈயத் தகடுகள். இதில் புரியாத ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆனால் புரிந்துகொள்ள ஒருத்தராவது சீட்டைத் தூக்க வேண்டுமே!

முதல் கூத்து ஏப்ரலில். டிரைவர் தம்பி ஊர்த் திருவிழாவுக்குப் போனவர், சாவியை ஆனிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பத்து நாள். வந்து பிளக்கைச் சொருகினால் சார்ஜரில் ஒரு லைட்டும் இல்லை. சர்வீஸ்காரர் வந்தார், தட்டினார், "சார்ஜர் போச்சு" என்றார். சார்ஜரையும் பேட்டரிகளையும் கழற்றிக்கொண்டு போய், நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டி, "போர்டு மாத்தியிருக்கோம்" என்று ஒரு பில். சார்ஜருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போனதோ இல்லையோ, அது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். ஆனால் இந்த வகைச் சார்ஜர்களில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. தன்னோடு இணைத்திருப்பது பேட்டரிதான் என்று தெரிந்துகொள்ள ஓரளவு வோல்டேஜ் வேண்டும். பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் சார்ஜர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பசியால் மயங்கிக் கிடப்பவனிடம், எழுந்து வந்து இலையில் உட்கார்ந்தால்தான் சோறு என்கிற மாதிரி. மெக்கானிக் கடையில் கார் பேட்டரி ஏற்றும் சின்ன சார்ஜர் இருக்கும். அதை வாங்கி வந்து ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகக் கொஞ்ச நேரம் கொடுத்தால் மொத்த வோல்டேஜ் மேலே வரும், பெரிய சார்ஜரும் தானாக விழித்துக்கொள்ளும். பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன்னால் இதைச் செய்து பார்த்தோமா? இல்லை.

அடுத்தது பிளக். வண்டியோடு வந்தது 16 ஆம்பியர் பவர் பிளக். பார்க்கிங்கில் அந்த சாக்கெட் இல்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டிவிட்டு 6 ஆம்பியர் பிளக் போட்டு, மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்திருக்கிறார். இது பேட்டரிக்கு 25 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர். 230 வோல்ட் பக்கம் கணக்குப் போட்டால் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது. பிளக் பின் பக்கம் பழுப்பாகக் கருகியிருந்தது. கமிட்டியில் சொன்னால், "இத்தனை நாள் ஓடுச்சே!"

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பேட்டரிக்குள் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். இங்கே என்ன ஊற்றுகிறார்கள் என்று விசாரித்தால், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீராம். "அதுவும் ஆவித் தண்ணிதானே சார்?" ஏசி காயிலின் செம்பும் அலுமினியமும் தூசியும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது. ஏசி ஓடாத நாளில் ஆர்ஓ தண்ணீராம். ஆர்ஓவில் உப்பு குறையுமே தவிர ஒழியாது. அதையும் சார்ஜ் போடுவதற்கு முன்னால் கழுத்து வரை நிரப்புகிறார்கள். சார்ஜ் ஏற ஏற உள்ளே மட்டம் உயரும், பொங்கி வழியும். வழிவது வெறும் தண்ணீரா? ஆசிட்! தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. இவ்வளவுதான் விஷயம். நான் சீட்டைத் தூக்கிய அன்று, வயர் மாட்டும் டெர்மினல் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து, ட்ரே துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. வயர் முனையை டெர்மினலோடு பிடித்திருக்கும் லக் ஒன்றைக் கையால் திருப்பினேன், சுற்றியது. கையால்! ஸ்பேனர் போட்டால்தான் அசைய வேண்டிய இடம். பக்கத்தில் ஈயம் லேசாக உருகி வழிந்திருந்தது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஆனால் தம்பி வண்டியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு சார்ஜ் போடுவார். சார்ஜ் ஆகும்போது சீட்டுக்கு அடியில் பேட்டரியிலிருந்து வரும், நெருப்புப் பட்டால் வெடிக்கும் ஹைட்ரஜன், மேலே ஊதுபத்தி. பக்தியில் குறை சொல்லவில்லை தம்பி, சார்ஜ் போடாத நேரத்தில் கொளுத்துங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

சரி, முக்கியமான கதை. பச்சை லைட் எரிந்தும் வண்டி நிற்கிறதே, ஏன்? இரண்டாவது முறை வந்த சர்வீஸ்காரர் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து மொத்தத்தை மட்டும் பார்த்தார். 49 சொச்சம். "பேட்டரி வீக் சார், செட்டே மாத்தணும்." எஸ்டிமேட் அனுப்பிவிட்டார். கமிட்டி குரூப்பில் அன்று இரவே கை தூக்கும் படமாகக் குவிகிறது. நான்கு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

மறுநாள் காலை, சார்ஜ் முடிந்து வண்டி சும்மா நின்ற பிறகு, என் பழைய மல்டிமீட்டரோடு போய் உட்கார்ந்தேன். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் பேட்டரி 12.7. இரண்டாவது 12.8. மூன்றாவது 12.7. நான்காவது 11.4. முழுதாக ஏறிய பேட்டரி 12.7 பக்கம் காட்ட வேண்டும். 11.4 என்றால் காலி. தம்பியையும் மூன்று பேரையும் ஏற்றி பேஸ்மென்ட் ரேம்ப்பில் ஏறச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். மற்ற மூன்றும் 12-ஐ ஒட்டி நிற்க, நான்காவது 8-க்குச் சரிந்தது. வண்டியைப் படுக்க வைத்தது இந்த ஒற்றை ஆள்.

ஏன் இது மட்டும்? டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்காவது பேட்டரியின் இரண்டு டெர்மினலிலிருந்தும் ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். பிடித்துக்கொண்டே போனால் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். மார்கழியில் வளாகம் முழுக்கப் பக்திப் பாட்டு போட்டுக்கொண்டு சுற்ற, கலாசாரக் குழு மாட்டியது. 12 வோல்ட் செட், அதனால் வசதியாக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மார்கழி போய் வைகாசி வந்துவிட்டது, ஆம்ப்ளிஃபயரின் குட்டி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. நான்கும் ஒரே வரிசை, ஒரே கரண்ட்தான் ஓடும். சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்டேஜை. மூன்று நிரம்பி மேலே போனதும் வேலை முடிந்தது என்று பச்சையைப் போட்டுவிடும். நான்காவது அரை வயிற்றோடு நிற்கும், நாளுக்கு நாள் தகட்டில் சல்ஃபேட் உப்பு இறுகும். மற்ற மூன்றும் அளவுக்கு மீறித் தின்று தண்ணீரைக் கொதித்துத் தீர்க்கும். ஒரு பாட்டுப் பெட்டி நான்கு பேட்டரிக்கும் சேர்த்து வேட்டு வைத்திருக்கிறது!

வயரைப் பிடுங்கினேன். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பேட்டரி மூடிகளை இறுக்கிவிட்டு, டெர்மினலைத் தேய்த்துக் கழுவி, லக்குகளை முறுக்கி, வாசலின் தடவினேன். நான்காவதைத் தனியாக ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் ஏற்றினேன், 12.5 வரை வந்தது. ஆசிட் பட்டு என் நல்ல சட்டையில் மூன்று ஓட்டை. வண்டி இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து நடை தாங்குகிறது. நான்காவது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். பாட்டு வேண்டுமென்றால் 48-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நான்குக்கும் பொதுவாக மாட்டுங்கள், எல்லாப் பேட்டரியும் சமமாக இறங்கும் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

கலாசாரக் குழுவில் என்மேல் வருத்தமாம், கேட்காமல் வயரைப் பிடுங்கிவிட்டேனாம். பொருளாளர் வேறு கூப்பிட்டார். ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கியதற்கு ஜிஎஸ்டி பில் வேண்டுமாம், வெறும் துண்டுச் சீட்டு செல்லாதாம். "போர்டு மாத்தியிருக்கோம்" பில்லை அன்று மறுபேச்சில்லாமல் பாஸ் பண்ணியவர் இவர்தான்.