கொம்பனித் தெருவின் இரண்டு மெனு

போன வெள்ளிக்கிழமை ஆபீசில் ஒருவருக்குப் பிரியாவிடை. கொழும்பு கொம்பனித் தெருவில், பார்க் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு இடத்தில் மேசை போட்டிருக்கிறோம் என்றார்கள். பெயர் வேண்டாம். நான் பிறந்து வளர்ந்த கிளெனி வீதி அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். இப்போது இருப்பது வத்தளையில். கொம்பனித் தெருவுக்கு விருந்தாளி மாதிரிப் போய் இறங்குவது இன்னும் பழகவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார ஜோடி உள்ளே போனது. அரைக்காற்சட்டை, பாத்ரூம் செருப்பு. கதவைத் திறந்துவிட்ட பையன், அடுத்ததாக எங்கள் கணக்காளர் அண்ணனின் காலைப் பார்த்தான். அவர் தோல் செருப்பு போட்டிருந்தார். “சேர், ட்ரெஸ் கோட்...” என்று வாய்க்குள்ளேயே சொன்னான். பாவம், அவனுக்கே வெட்கம். மேனேஜர் வந்து சிரித்து உள்ளே விட்டார், அது வேறு விஷயம். தேசிக்காய் ஜூஸ் 1,100 ரூபாய். அதற்கு மேல் 10 சதவீதம் சேவிஸ் சார்ஜ், 18 சதவீதம் வற் வரி. எலுமிச்சை நம் நாட்டில்தான் காய்க்கிறது என்று நினைக்கிறேன்.

இதை எழுதினால், “வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம ஏரியாவைக் கெடுத்துட்டான்” என்று கமெண்ட் வரும் என்று தெரியும். அந்தக் கட்சியில் நான் இல்லை. கொம்பனித் தெருவில் வெளியாள் எப்போது இல்லை? ஆங்கிலத்தில் இந்த இடத்தின் பழைய பெயரே அடிமைத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களை அடைத்து வைத்த இடம். பிறகு மலாய்ச் சிப்பாய்கள் வந்தார்கள். வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டுக்காரன். என் தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஹாபர் வேலைக்கு வந்தவர். தெருவின் பெயரில் இருக்கிற கொம்பனி ஒல்லாந்தக் கொம்பனி என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்தவன் எல்லாம் நாங்கள்தான். எனக்கு இருக்கிற வருத்தம், இரவு யாருக்காக விழித்திருக்கிறது என்பதில்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே இரவு என்பது வேலைக்காரர்களுடையது. ஹாபர் ஷிப்ட் முடிந்து வருகிறவன், ரயில்வே ஆள், த்ரீவீல்காரன். ஒரு மணிக்கும் தட்டுக்கல்லில் கொத்து அடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குவேன். ஊர் மாறிய முதல் வாரம் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம் என்று அம்மா சத்தியம் செய்வாள். ஒழுங்கை முனையில் மலாய்க்காரர் வீட்டிலிருந்து பாபத் கறி வாசம் வரும். மாட்டுக்குடல், கொஞ்சம் எலுமிச்சம்புல், நல்ல மிளகு. காசு குறைந்தால் குழம்பு மட்டும் ஊற்றித் தருவார்கள்.

ஆனால் அந்தக் காலத்தை வானத்தில் தூக்கி வைக்கவும் எனக்கு மனம் வராது. 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த ரியோ ஹோட்டலின் கரிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். பிறகு செக் பொயின்ட் காலம். பத்து மணிக்கு மேல் யூனியன் பிளேஸில் நடந்தால் அடையாள அட்டையும், பொலிஸ் பதிவுத் துண்டும் கையில் வேண்டும். பெயரை வாசித்ததும் டோர்ச் வெளிச்சம் முகத்துக்கு வரும். அந்த இரவை யாரும் எனக்குத் திருப்பித் தர வேண்டாம். (அதே ரியோவின் எரிந்த அறைகளில் பின்னாளில் கலை விழா வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கரிச் சுவரைப் படம் பிடித்தார்கள். என்ன சொல்ல!)

யுத்தம் முடிந்ததும் டோர்ச் போனது. கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011 டிசம்பரில் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாகத் திறந்தார்கள். பார்க் ஸ்ட்ரீட்டின் பழைய கிடங்குகளும் அந்தக் கால அலையில்தான் கல் பதித்து, மஞ்சள் பல்பு தொங்கவிட்டு மாறின. அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், 2010 மே மாதம், மியூஸ் வீதியில் வீடுகள் இடிந்தன. நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்த ஆண்டு அது. ஒரு பக்கம் வீடு இடிய, மறுபக்கம் கிடங்கில் விளக்கு ஏறியது. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் இன்று தெமட்டகொடையிலும் வத்தளையிலும் இருக்கிறோம்.

இன்னொன்று. பேரவாவிக் கரையில் இப்போது பிரமாண்ட ஹோட்டலும் கசினோவும் எழும்பியிருக்கின்றன. கசினோ வாசலில் இலங்கையருக்கு மட்டும் நுழைவு வரி. 50 டொலராக இருந்ததை 100 ஆக்கினார்கள். சூதாடாமல் காப்பாற்றத்தான் என்பார்கள், சரி, அதில் நியாயம் உண்டு. நான் ஆடப் போவதும் இல்லை. ஆனாலும் சொந்த ஊரில் உள்ளே போக டொலரில் விலை வைக்கப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது 2019இல். ஏப்ரல் 21 குண்டுகளுக்குப் பிறகு, மே மாதம் சுற்றுலாப் பயணிகள் முந்திய ஆண்டைவிட 70 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனார்கள். அப்போது இந்த ரெஸ்டோரண்டுகள் எங்களைத் தேடின. ஆபீஸ் குழுவுக்குப் பாதி விலை, குடும்பமாக வந்தால் ஐஸ்கிரீம் இலவசம் என்று போனில் மெசேஜ் மேல் மெசேஜ். கொரோனாவில் ஏர்போர்ட் மூடிக் கிடந்து, ஊரடங்கு தளர்ந்த போதும் அதேதான். செருப்போடு போனோம், யாரும் காலைப் பார்க்கவில்லை. 2022இல் பெட்ரோல் வரிசையும் கரண்ட் வெட்டுமாகக் கிடந்த நாட்களிலும் மேசையில் உட்கார்ந்தது உள்ளூர்க்காரன்தான். வெள்ளைக்காரன் திரும்பியதும் நாங்கள் மறுபடி ட்ரெஸ் கோட் ஆகிவிட்டோம். 2024இல் உணவட்டுனையில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு பார்ட்டி அறிவித்து, நாடே திட்டி, ரத்தானது ஞாபகமா? அதை வெளிநாட்டுக்காரன் திமிர் என்று திட்டினோம். நம் வாசலில் நம் பையனை நிறுத்தி நாமே செய்வதற்கு என்ன பெயர்? அவனும் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளையாகத்தான் இருப்பான். மாதச் சம்பளம் தருகிற வேலை அது, அவனை நான் குறை சொல்லமாட்டேன். முதலாளியைச் சொல்வேன்.

சாப்பாடு முடிந்தும் வயிறு நிறையவில்லை. பெரிய தட்டில் சின்னச் சாப்பாடு. பதினொன்றரைக்கு மற்றவர்களை ஊபரில் ஏற்றிவிட்டு, பழைய ஒழுங்கைப் பக்கம் நடந்தேன். எனக்குப் பழக்கமான நானாவின் சாப்பாட்டுக் கடை இன்னும் இருந்தது. நானா மௌத்தாகி வருடங்கள் ஆகிறது, மகன் நடத்துகிறார். முன் மேசையில் முதுகுப் பையோடு இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் கையில் படம் போட்ட, பிளாஸ்டிக் உறை போட்ட மெனு. எட்டிப் பார்த்தேன். சீஸ் கொத்து 2,400. பக்கத்து மேசை த்ரீவீல்காரருக்கு மெனு இல்லை, வாயால்தான் விலை. அதே கொத்து 1,300. ஆக, பார்க் ஸ்ட்ரீட்டில் கற்ற பாடத்தை இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கணக்குப் பார்த்துக் காசு எண்ணுகிறவர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது.

புதுப் பையன் ஒருவன் வந்தான். என் சப்பாத்தையும் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் காட்டையும் பார்த்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் மெனுவை என் முன்னால் வைத்தான்.

“தம்பி, பாபத் இருக்கா?”

நிமிர்ந்து பார்த்தான். “இருக்கு சேர். காட்ல போடல்ல. பிட்டோடயா?”

“பிட்டோட.”

மெனுவை எடுத்துக்கொண்டு போனான். சாப்பிட்டேன். மிளகு கொஞ்சம் குறைவு. போகும்போது 950 என்றான். அது எந்த விலை என்று நான் கேட்கவில்லை.